வீட்டுக்காரரும் மேசனும்

வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார் என்பது தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. வாழ்நாளில் ஒருமுறை செய்து களைத்துப்போகும் காரியங்கள் என்று கருதியே முன்னோர் இவ்விரண்டையும் சேர்த்துச் சொன்னார்கள். ஆனால், வன்னிப் பெருநிலப்பரப்பில் வாழ்ந்த மக்கள் பலருக்கு ஒரே தலைமுறையில் இரண்டு முறையும் மூன்று முறையும் வீடு கட்ட நேர்ந்தது. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவின் வடபகுதியிலும் கட்டிய வீட்டை விட்டு ஓடி, திரும்பி வந்து, இடிந்த சுவரைத் தள்ளிவிட்டு மறுபடியும் அத்திவாரம் வெட்டிய குடும்பங்கள் எண்ணில. ஆகவே, வீடு கட்டுதலைப்பற்றி எவரிடமேனும் கேட்டறிய வேண்டுமாயின் அம்மக்களிடம் கேட்பதே தகும். அவர்களுடைய வரலாறு தரும் விடை சுருக்கமானது. வீட்டுக்காரரும் வீட்டைக் கட்டுவோரும் ஒருவர் கருத்தை மற்றவர் அறியும்படி, காலத்தோடு பேசிக்கொண்ட இடங்களில் வீடு குடியிருக்கத்தக்கதாய் அமைந்தது. அப்பேச்சு இல்லாத இடங்களில் சுவர் எழுந்தபோதிலும் குடும்பம் அல்லற்பட்டது. இஃது எவ்வாறு உண்மையாயிற்று என்பதை மூன்று காலப்பகுதிகளில் வைத்து நோக்கலாம்.

முதலாவது, பழைய வன்னியின் காலம். ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கில உத்தியோகத்தர் வன்னி மாவட்டங்களைப்பற்றிய செய்திகளைத் தொகுத்து 1895ஆம் ஆண்டில் ஒரு நூலாக வெளியிட்டார். அக்காலத்து வன்னி, குளங்களையும் காடுகளையும் நம்பி வாழ்ந்த சிறு கிராமங்களின் நாடு. அங்கே வீடு என்பது ஒரே கட்டடமன்று. படுப்பதற்கும் பொருள் வைப்பதற்கும் மண்சுவர் வீடு ஒன்று. சமைப்பதற்குச் சற்று விலகித் தனிக்குடில் ஒன்று. வந்தவர்கள் இருப்பதற்கு ஒரு மால். நெல்லைச் சேமிப்பதற்குக் கொம்பறை ஒன்று. இவை முற்றத்தைச் சூழ அமைந்திருந்தன. கூரை கிடுகாலோ வைக்கோலாலோ வேயப்பட்டமையால் அடுப்பு நெருப்பு வீட்டோடு ஒட்டியிருத்தல் ஆகாது. சமையற்குடில் தனியே நின்றதன் காரணம் அதுவே.

இத்தகைய வீட்டைக் கட்டுவோர் பெரும்பாலும் வீட்டுக்காரரும் அவருடைய உற்றாருமே ஆவர். மண் குழைப்பதும் சுவர் வைப்பதும் கூரை வேய்வதும் ஊர்க்கூட்டு வேலைகளாக நடந்தன. நிலையம் எடுப்பதற்கு அறிந்த ஒருவரை அழைப்பர். கதவுநிலைக்கும் வளைக்கும் கைமரத்துக்கும் ஓடாவி வருவார். அவர் கையிலிருந்த முழக்கோல் என்ன அளவைக் காட்டுகிறதென்பது வீட்டுக்காரருக்கும் தெரியும். பாலையும் முதிரையும் எந்தக் காட்டில் எந்தப் பருவத்தில் வெட்டியவை என்பதும் அவருக்குத் தெரியும். கட்டுபவர் அறிந்ததற்கும் குடியிருப்பவர் அறிந்ததற்கும் இடையே பெரிய தூரம் இருக்கவில்லை. அதனால் எழுத்தும் ஒப்பந்தமும் தேவைப்படவில்லை.

அக்காலத்தைப் பொற்காலம் என்று புகழ வேண்டுவதில்லை. மாரிக்கு மாரி சுவர் கரைந்தது. தீ ஒருமுறை பற்றினால் அனைத்தும் போயிற்று. எனினும் ஒரு நன்மை இருந்தது. மண்ணிற் செய்த பிழையை மண்ணினாலேயே திருத்தலாம். வாசல் குறுகிப்போனால் அடுத்த கோடையில் வெட்டி அகலமாக்கலாம். சீமெந்திற் செய்த பிழைக்கு அத்தகைய மன்னிப்பு இல்லை. வீடு கல்லாகவும் கொங்கிறீற்றாகவும் மாறிய நாளிலிருந்து, பிழையைத் திருத்தும் காலம் கட்டியபின் அன்று, கட்டுமுன் என்றாயிற்று. பேச்சின் தேவையும் அன்றிலிருந்தே பெருகிற்று.

இரண்டாவது காலப்பகுதி, அரசாங்கம் வீடு கொடுத்த காலம். இரணைமடுக் குளத்தின் வேலை 1902ஆம் ஆண்டில் தொடங்கி ஏறக்குறைய இருபது ஆண்டுகள் நடைபெற்றது. 1935ஆம் ஆண்டில் காணி அபிவிருத்திச் சட்டம் வந்தது. அதன்பின், குளங்களின் கீழே குடியேற்றத் திட்டங்கள் பெருகின. யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் வந்த குடும்பங்களுக்கு வயலும் மேட்டுக் காணியும் அளந்து கொடுக்கப்பட்டன. காணியோடு வீடும் கிடைத்தபோது அவ்வீடுகள் ஒரே வரைபடத்தைப் பின்பற்றி அமைந்தன. காட்டின் நடுவே வந்து நின்ற குடியானவனுக்கு அது பேருதவி என்பதில் ஐயமில்லை. ஆயினும், வரைபடத்தை வரைந்தவருக்கும் கல்லை வைத்த மேசனுக்கும் அவ்வீட்டில் வாழப்போகிறவர் யாரென்று தெரியாது. வாழப்போகிறவரோ சுவர் எழுந்தபின்னரே வந்து சேர்ந்தார். கேட்பதற்கும் சொல்வதற்கும் அங்கே இடமிருக்கவில்லை.

இக்குறை இலங்கைக்கு மட்டும் உரியதன்று. எகிப்து நாட்டிலே லக்சர் நகருக்கு எதிரே, நைல் நதியின் மேற்குக்கரையில், ஹசன் ஃபாத்தி என்னும் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் 1940களின் நடுப்பகுதியில் புதிய குர்ணா என்னும் கிராமத்தை அமைக்கத் தொடங்கினார். மண் செங்கல்லினாலே, அந்நாட்டின் பழைய முறைப்படி, அழகும் குளிர்ச்சியும் பொருந்திய வீடுகளை அவர் எழுப்பினார்.  ஆனால் பழைய குர்ணா மக்கள் தம் ஊரை விட்டு வர இசையவில்லை. தொன்மையான கல்லறைகளை அடுத்திருந்த அவ்வூரிலேயே அவர்களுடைய பிழைப்பு இருந்தது. புதிய கிராமம் முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது. வீடு எவ்வளவு நல்லதாயினும், அங்கே வாழ்வதா இல்லையா என்ற முதற்கேள்வி வாழ்வோரிடம் கேட்கப்படாவிட்டால் வீணாகும் என்பதற்கு அது சான்று.

இலங்கையும் இப்பாடத்தைத் தன் அனுபவத்தால் கற்றது. 1978ஆம் ஆண்டில் தொடங்கிய நூறாயிரம் வீட்டுத் திட்டத்தில் அரசாங்கமே பெருமளவிற் கட்டிக் கொடுக்க முனைந்தது. செலவு மிகுந்தது. 1984ஆம் ஆண்டில் பத்து இலட்சம் வீட்டுத் திட்டம் தொடங்கியபோது கொள்கை மாறியது. குடும்பமே தீர்மானிக்க வேண்டும், குடும்பமே கட்ட வேண்டும், அரசாங்கம் சிறு கடனும் அறிவுரையும் கொடுத்துத் துணைநிற்க வேண்டும் என்று தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபை வகுத்தது. வீடற்றோருக்கென ஐக்கிய நாடுகள் சபை 1987ஆம் ஆண்டைச் சர்வதேச ஆண்டாகக் கொண்டாடியதற்கும் இலங்கை முன்வைத்த யோசனையே காரணமாயிற்று. ஆனால் அந்த ஆண்டுகளில் வடக்கே போர் மூண்டிருந்தது. உலகமே நோக்கிய அத்திட்டத்தின் பயன் வன்னிக்கு முழுமையாக வந்து சேரவில்லை.

மூன்றாவது காலப்பகுதியே இப்பொருளுக்கு மிக முக்கியமானது. 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் திகதி கடற்கோள் முல்லைத்தீவுக் கரையை அழித்தது. அதன்பின் நாடெங்கும் இருவகையாக வீடுகள் கட்டப்பட்டன. ஒருவகையில், உதவி நிறுவனங்கள் கொந்தராத்துக்காரரைக்கொண்டு கட்டி முடித்துத் திறப்பைக் கையளித்தன. மற்றவகையில், வீட்டுக்காரர் கையிலே பணத்தைக் கொடுத்து அவரையே கட்டச் செய்தார்கள். முற்றாய் அழிந்த வீட்டுக்கு 2,50,000 ரூபாவும், ஓரளவு சேதமடைந்த வீட்டுக்கு 1,00,000 ரூபாவும் தவணை தவணையாக வழங்கப்பட்டன. உரிமையாளரே கட்டும் முறை என்று பின்னர் பெயர்பெற்றது இதுவே.

அடுத்து வந்தது பேரழிவு. 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் போர் முடிந்தபோது வன்னி மக்கள் பெரும்பாலோர் வவுனியாவில் செட்டிகுளத்தை அடுத்த மெனிக் பாம் முகாம்களில் அடைபட்டிருந்தனர். அவ்வாண்டின் இறுதியிலிருந்து மீள்குடியேற்றம் தொடங்கியது. முகாம் 2012ஆம் ஆண்டு செப்டெம்பரில் மூடப்பட்டது. திரும்பியோருக்கு ஆரம்ப உதவியாக 25,000 ரூபாவும் கூரைத் தகரங்களும் கிடைத்தன. தறப்பாளும் தகரமுமே பல ஆண்டுகள் அவர்களுடைய வீடாயின.

இந்திய அரசாங்கம் 50,000 வீடுகளைக் கட்டித் தருவதாக 2010ஆம் ஆண்டில் அறிவித்தது. முதற்கட்டமாக வட மாகாணத்தில் 1,000 வீடுகளை ஒரு நிறுவனமே பொறுப்பேற்றுக் கட்டியது. அவ்வீடுகள் 2012ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலே முடிந்தன. அதன்பின் முறை மாற்றப்பட்டது. 2012ஆம் ஆண்டு ஒக்டோபர் 2ஆம் திகதி, காந்தியடிகள் பிறந்த தினத்தன்று, வடக்குக் கிழக்கு மாகாணங்களுக்கான அடுத்த கட்டம் தொடங்கியது. இம்முறை கட்டுவோர் உரிமையாளரே. புதிய வீட்டுக்கு 5,50,000 ரூபாவும் திருத்த வேலைக்கு 2,50,000 ரூபாவும் பயனாளியின் வங்கிக் கணக்கிலேயே வைப்பிலிடப்பட்டன. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் தொழினுட்ப உத்தியோகத்தர் பார்த்து உறுதிசெய்தபின் அடுத்த தவணை வரும். ஐக்கிய நாடுகளின் மனித குடியிருப்புத் திட்டமும் செஞ்சிலுவைச் சங்கமும் தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபையும் பிறவும் இதனை நடத்தின. ஏறக்குறைய 45,000 குடும்பங்கள் இவ்வாறு வீடு கட்டத் தொடங்கின.

இது பெரிய மாற்றம். முன்னே வரைபடம் வந்தது, வீடு வந்தது, கடைசியில் மனிதன் வந்தான். இப்பொழுது மனிதன் முதலில் வந்தான். பல வரைபடங்கள் காட்டப்பட்டன. தமக்கு உகந்ததைக் குடும்பத்தினர் தெரிந்துகொண்டனர். குசினி எங்கே இருக்க வேண்டும், வாசல் எத்திசையை நோக்க வேண்டும் என்பவற்றை அவர்களே சொன்னார்கள். கிராம அபிவிருத்திச் சங்கங்களும் மாதர் சங்கங்களும் கூட்டங் கூட்டி விலைவாசியைப்பற்றியும் மேசன்மாரைப்பற்றியும் பேசின. கணவனை இழந்த பெண்கள் பலர், தம் வாழ்நாளில் முதன்முறையாக மணலுக்கும் சல்லிக்கும் சீமெந்துக்கும் கணக்குப் பார்த்தனர். கல் அரிந்தனர், அத்திவாரக் கிடங்கு வெட்டினர்.

ஆயினும் பணம் கைக்கு வந்ததனால் பேச்சும் தானாக வந்துவிடவில்லை. ஒரே காலத்தில் ஆயிரக்கணக்கான வீடுகள் எழுந்தமையால் மேசன்மாருக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. கைதேர்ந்தவர் ஒருவர் நான்கைந்து வீடுகளை ஏற்றார். கையாளாக இருந்தவர்கள் மேசனாகினர். வீட்டுக்காரருக்கோ கல்வீடு கட்டிய பழக்கம் இல்லை. இவ்விரு சாராரும் எதிர்ப்பட்டபோது எழுந்த வழக்குகள் வன்னிக் கிராமங்களில் எங்கும் ஒரேவிதமாக இருந்தன. "பேசின காசு வேறை, இப்ப கேட்கிற காசு வேறை, தம்பி" என்பார் வீட்டுக்கார அம்மா. "பேசின வீடு வேறை, இப்ப நீங்கள் கட்டச் சொல்லுற வீடு வேறை, அக்கா" என்பார் மேசன். இருவர் சொல்வதும் உண்மையாகவே இருந்தது. அதுவே துயரம்.

இதனைக் கணக்கிட்டுப் பார்த்தால் விளங்கும். அத்திட்டத்தின் வீடு ஏறக்குறைய 550 சதுர அடி; கொடுத்த பணம் 5,50,000 ரூபா. சதுர அடி ஒன்றுக்கு 1,000 ரூபா என்றாகிறது. பிள்ளைகளுக்கென்று பத்தடிக்குப் பன்னிரண்டடியில் இன்னோர் அறை கூட்டினால் 120 சதுர அடி கூடுகிறது. அதே கணக்கின்படி பார்த்தாலும் 1,20,000 ரூபா மேலதிகமாக வேண்டும். "ஓர் அறைதானே" என்று ஒரு வாயிற் சொன்னது, குறைந்த வருமானமுடைய குடும்பத்துக்குப் பல ஆண்டுக் கடனாயிற்று. நகைகள் அடகு வைக்கப்பட்டன. நுண்கடன் நிறுவனங்களின் கதவு தட்டப்பட்டது. கூரைக்கென்று வந்த தவணை சுவரிலே கரைந்தது. கூரையில்லாத வீட்டைப் பார்த்துக்கொண்டே தகரக் கொட்டிலில் இன்னொரு மாரியைக் கழித்த குடும்பங்களும் உண்டு. அத்திவாரம் வெட்டுமுன் மேசன் அக்கணக்கைச் சொல்லியிருந்தால், அல்லது வீட்டுக்காரர் கேட்டிருந்தால், அக்கடன்களுட் பல வந்திரா.

மேசன்மாரின் குறையையும் கூறுதல் நீதி. மணல் வந்து இறங்காத நாளில் அவர்களுக்குக் கூலி இல்லை. ஆற்று மணலுக்கு அனுமதி பெறக் காத்திருந்த நாட்கள் பல. தவணை தாமதித்தால் அவர்களுக்கும் தாமதித்தது. வீட்டுக்காரர் ஒன்று சொல்ல, அவருடைய தமையனார் வேறொன்று சொல்ல, வெளிநாட்டிலிருந்து தொலைபேசியிற் பேசும் மருமகன் மூன்றாவதொன்று சொல்ல, எழுப்பிய சுவரை இடித்து மறுபடியும் எழுப்பிய மேசன்மாரும் உளர். வீட்டின் சார்பில் ஒருவரே பேச வேண்டும் என்பது அவர்கள் கண்ட பாடம்.

இன்னொன்று, பலர் கவனியாதது. மேசன் மாலையிலே வேலை முடிந்து போய்விடுவார். புதிதாக வைத்த கல்லுக்கும் பூச்சுக்கும் கொங்கிறீற்றுக்கும் ஒரு கிழமையாவது தண்ணீர் விட்டு ஈரங் காக்க வேண்டும். சீமெந்து தண்ணீரைக் கொண்டே இறுகுகிறது. வெயிலில் விரைந்து உலர்ந்தால் வலிமை பெறாது, வெடிக்கும். வன்னிக் கோடையில், கிணறு வற்றிய காலத்தில், அத்தண்ணீரை ஊற்ற வேண்டியவர் வீட்டுக்காரரே. ஏன் ஊற்ற வேண்டுமென்று மேசன் சொல்லாவிட்டால், குடிக்கவே தண்ணீர் இல்லாதபோது சுவருக்கு எதற்கென்று அவர் விட்டுவிடுவார். பின்னர் சுவர் வெடித்தபோது ஒருவரையொருவர் நொந்துகொள்வர். ஒரு வார்த்தையிலே தீர்ந்திருக்கக்கூடிய பிழை அது.

நன்றாக முடிந்த வீடுகளின் கதையும் ஒரேவிதமானது. கடதாசியிலுள்ள வரைபடம் எல்லோருக்கும் விளங்குவதில்லை. ஆகவே, நிலத்திலே முளையடித்துக் கயிறு கட்டி, வீட்டுக்காரரை அதன் உள்ளே நடந்து பார்க்கச் செய்தனர். கட்டிலை எங்கே போடுவது, கதவு எப்பக்கம் திறப்பது என்பவை அங்கேயே முடிவாயின. பேசியவற்றை ஓர் அப்பியாசக் கொப்பியில் எழுதினர்: கூலி எவ்வளவு, எந்தக் கட்டத்தில் எவ்வளவு கொடுப்பது, பொருள் வாங்குவது யார், பின்னர் ஏதேனும் மாற்றினால் அதன் செலவு என்ன. கொடுத்த ஒவ்வொரு காசுக்கும் திகதியும் ஒப்பமும் இட்டனர். அத்திவாரத்துக்கு ஒரு பங்கு, சுவருக்கு ஒரு பங்கு, கூரைக்கு ஒரு பங்கு என்று வேலைக்குப் பின்னே பணம் சென்றது. கொப்பியில் எழுதுவது அவநம்பிக்கை என்று சிலர் தயங்கினர். ஆனால் உறவு முறியாமற் காத்தது அந்தக் கொப்பியே.

வீட்டுக்காரரின் சொல் எவ்வளவு வலியது என்பதைப் பின்னொரு நிகழ்ச்சி காட்டியது. வடக்குக் கிழக்குக்கு 65,000 உருக்கு வீடுகளைப் பொருத்தித் தருவதென்னும் திட்டம் 2015ஆம் ஆண்டின் இறுதியில் முன்வைக்கப்பட்டது. வீடொன்றின் செலவு 21 இலட்சம் ரூபா அளவில் இருந்தது. மாதிரி வீடுகளைப் பார்த்த மக்களும் பொறியியலாளரும் மக்கள் பிரதிநிதிகளும் கேள்விகளை எழுப்பினர். இவ்வெப்ப நாட்டுக்கு அவை பொருந்துமா? பின்னர் ஓர் அறை கூட்ட முடியுமா? பழுதுபட்டால் ஊர் மேசன் திருத்துவாரா? அதே பணத்தில் இரண்டு கல்வீடுகள் கட்டலாகாதா? இக்கேள்விகளுக்குத் தக்க விடை கிடைக்கவில்லை. அத்திட்டம் வகுத்தபடி நிறைவேறவுமில்லை. தம் கையால் வீடு கட்டிப் பழகிய மக்கள், வீட்டைப்பற்றி வினாவவும் பழகியிருந்தார்கள்.

பணம் கொடுக்கும் அலுவலகமும் இப்பேச்சில் ஒரு தரப்பு என்பதை மறத்தலாகாது. அரசாங்க உதவியை நம்பி 2018, 2019ஆம் ஆண்டுகளில் வடக்கிலே பல வீடுகள் தொடங்கப்பட்டன. 2019ஆம் ஆண்டின் இறுதியில் ஆட்சி மாறியபின் தவணைகள் தடைப்பட்டன. அத்திவாரத்தோடும் அரைச்சுவரோடும் அவ்வீடுகள் நின்றன. பின்னர் 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே, முந்தைய ஆண்டில் ஏறக்குறைய 1,000 ரூபாவுக்கு விற்ற சீமெந்து மூட்டை 3,000 ரூபா அளவுக்கு ஏறியது. வீட்டுக்காரரும் மேசனும் எவ்வளவு நன்றாகப் பேசிக்கொண்டாலும், மூன்றாந் தரப்பு மௌனமாயின் வீடு முடியாது. தவணை எப்போது வரும், வராவிட்டால் என்ன செய்வது என்பதைத் தெளிவாகச் சொல்லும் கடமை அத்தரப்புக்கும் உண்டு. அச்சொல்லை நம்பித்தான் ஏழை ஒருவர் கொட்டிலைப் பிரிக்கிறார்.

வீடு குடிபூரும் நாளிலே ஓடாவியையும் மேசனையும் அழைத்து, வேட்டியும் சால்வையும் கொடுத்து உபசரிப்பது தமிழர் வழக்கம். கூலி முன்னமே கொடுத்தாயிற்று, கணக்கும் தீர்ந்தாயிற்று. எனினும் அவரை வாசலுக்கு அழைத்து, முதற்பந்தியில் இருத்தி, உணவு பரிமாறுகிறார்கள். வன்னியில் மறுபடியும் எழுந்த வீடுகள் பலவற்றில் அந்த விருந்து நடைபெற்றது. சிலவற்றில் மேசன் அழைக்கப்படவில்லை. சிலவற்றில் அழைத்தும் அவர் வரவில்லை. அந்த வேறுபாட்டின் காரணத்தைத் தேடினால், பெரும்பாலும் அஃது அத்திவாரம் வெட்டுமுன் பேசாமல் விட்ட ஏதோ ஒரு வார்த்தையிலேயே சென்று முடியும். இனி வீடு கட்டப்போகும் நேயர்கள், கல்லும் மணலும் பறிக்குமுன், மேசனை ஒருநாள் திண்ணையில் இருத்தி, தேநீர் கொடுத்து, கொப்பியைத் திறந்துவைத்துப் பேசுவார்களாக.